சாலையின் இரு முனைக் கோவில்கள்

கிள்ளானிலிருந்து வடக்கே கிளம்பும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலை, காப்பார், ஜெராம், கோலாசிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் என்று கரையை ஒட்டியே ஓடி சபாக்கை எட்டுகிறது. அங்கே பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் பேராக் மாநிலம். ஊத்தான் மெலிந்தாங் வழியாகத் தெலுக் இந்தான் போய்விடலாம். இந்தச் சாலைத் துண்டின் தென்முனையில் கிள்ளான் லூர்து மாதா கோவில். வடமுனையில் தெலுக் இந்தான் அந்தோனியார் கோவில். நடுவில் கிடக்கும் நீண்ட பரப்பில் சுற்றுலாக் கையேடுகள் எதையெதையோ காட்டுகின்றன. மலாவத்தி மலைக் கோட்டை, 1907-இல் கட்டிய அல்டிங்ஸ்பர்க் கலங்கரை விளக்கம், மின்மினிப் பூச்சிகள், செகிஞ்சான் வயல்வெளி எல்லாம் அவற்றில் உண்டு. பழைய தேவாலயம் என்று எதையும் அவை காட்டுவதில்லை.

அதனால் இந்த வட்டாரத்தில் கிறிஸ்தவத் தமிழர் வாழவில்லை என்று யாராவது எண்ணினால் அது தவறு. ரப்பர் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் பிறகு செம்பனைக் காட்டிலும் மூன்று, நான்கு தலைமுறைகள் இங்கே ஞானஸ்நானம் பெற்றன, மணம் முடித்தன, அடக்கம் செய்யப்பட்டன. ஆனால் அவர்கள் செபம் செய்த இடங்கள் பார்வையாளர் போய்ப் பார்க்கும்படி நிற்கவில்லை. பழைய தேவாலயங்களைத் தேடிப்போய்ப் பார்ப்பது இன்று பலருக்குப் பிடித்த காரியமாகிவிட்டது. எந்தக் கோவில் பார்க்கக் கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவை செங்கல்லும் நிலப்பட்டாவும்தான். சபாக்கிலிருந்து பார்த்தால் இது நன்றாகவே தெரிகிறது.

சாமியார் வந்த நாள்

அன்று கோவிலைத் தேடித் தோட்டத்து மக்கள் போனதைவிட, தோட்டத்தைத் தேடிக் கோவில் வந்ததுதான் அதிகம். மலாயாவின் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டுவர 1907-இல் தனி நிதி அமைக்கப்பட்டது. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் கட்டினார்கள். 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை கப்பல்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தன. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களோடு திருச்சி, தஞ்சை, தென்னாற்காடு, புதுவை, காரைக்கால் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களும் வந்தன. தோட்டத்துக் கிராணி வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரிலும் மலையாளிகளிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.

இந்தக் கத்தோலிக்கரில் பலருக்கு ஒரு வசதி வாய்த்தது. 1776 முதல் புதுவை மிஷனை நடத்திய பாரிஸ் வேதபோதக சபைதான் மலாயாவிலும் பணியாற்றியது. ஊரில் வெள்ளை அங்கி போட்டு நீண்ட தாடி வைத்த பிரெஞ்சுச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தவர், கடல் கடந்து வந்த பிறகும் அதே சபையின் இன்னொரு சாமியாரிடம்தான் முழங்காலிட்டார். புதுவை மிஷன் அச்சுக்கூடம் தமிழில் செபப் புத்தகங்களையும் ஞானோபதேசங்களையும் அச்சிட்டு வந்தது. ஆகவே தமிழ் கற்ற குருக்களும் தமிழ்ப் புத்தகங்களும் இங்கே கிடைப்பது அரிதாக இருக்கவில்லை.

இந்தச் சபையின் குருவான ரெனே ஃபே, பேராக்கின் பாகான் செராயில் 1880-களில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே ஒரு விவசாயக் குடியிருப்பைத் தொடங்கினார். சூசையப்பர் பெயரில் எழுந்த அந்தக் குடியேற்றத்தில் குடும்பங்களுக்கு நிலமும் நடுவில் கோவிலும் இருந்தன. 1896-இல் அவர் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார். சபாக் பக்கத்துத் தோட்டங்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. இங்கே நிலம் கம்பெனியுடையது. வீடு லயம். காலைப் பெரட்டில் தொடங்கிப் பால் நிறுத்து முடியும்வரை நேரமும் கம்பெனியுடையதுதான்.

எனவே மலாயாத் தோட்டங்களில் பொதுவாக இருந்த வழக்கம் இதுதான்: மாதம் ஒரு முறையோ அதைவிட அபூர்வமாகவோ சாமியார் வருவார். அவர் வராத ஞாயிறுகளில் உபதேசியார் செபமாலை சொல்லிக் கொடுத்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவார். இறந்தவருக்குக் குழிமேட்டில் செபம் சொல்வதும் அவர் வேலை. சாமியார் வரும் நாள் தெரிந்துவிட்டால் தோட்டத்துப் பள்ளிக்கூடக் கொட்டகை கழுவப்படும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். அப்படிப் பிறந்த கொட்டகை பல இடங்களில் பள்ளியாகவும் கூட்டம் கூடும் இடமாகவும் பூசை நடக்கும் கோவிலாகவும் பயன்பட்டது. வாத்தியார் மேசைதான் பீடம். பூசை லத்தீனில் நடக்கும், பிரசங்கமும் பாட்டும் தமிழில். அன்றே பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஞானஸ்நானம், நிலுவையில் நின்ற கல்யாணங்களுக்கெல்லாம் தாலி. சாமியார் அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பியதும் மேசை மறுபடியும் மேசையாகிவிடும்.

பின்னாளில் சில தோட்டங்களில் சிற்றாலயமும் எழுந்தது. நான்கு பலகைச் சுவர், மேலே சிங், சிமெண்டுத் தரை, முன்னால் ஒரு சிலுவை. உள்ளே மாதா சுரூபமோ அந்தோனியார் சுரூபமோ இருக்கும். துரையிடம் கேட்டு வாங்கிய ஒரு மூலை நிலம் அது. அந்த அனுமதி பெரும்பாலும் வாய்வார்த்தைதான்.

கோலாசிலாங்கூர் வட்டாரம் உலக இலக்கியத்தில் ஏறிய கதையும் இந்தக் காலத்தது. ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். 1917-இல் அதன் அருகே தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. அவர் எழுதிய மலாயா நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. உலகத்துக்கு அந்தத் தோட்டம் இலக்கியமானது. அதே வட்டாரத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் விட்டுச்சென்ற அடையாளம் வேறு விதம். பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவில் வனத்துச் சின்னப்பர் பெயரில் ஒரு கோவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தப் புனிதரின் திருநாள் பொங்கலை ஒட்டி ஜனவரி நடுவில் வரும். மாட்டையும் வெள்ளாமையையும் காக்கிறவர் என்று உழவர்கள் அவரை வேண்டுவார்கள். உழவும் நெல்லும் இல்லாத ரப்பர்க் காட்டுக்கு அருகே அவர் பெயரில் கோவில் எழுந்தது என்றால், மக்கள் எந்த வகை ஊர்களிலிருந்து புறப்பட்டு வந்தார்கள் என்பதை ஊகிக்க அதுவே ஒரு தடயம்.

பட்டா உள்ள கோவில், பட்டா இல்லாத கோவில்

பட்டணத்துக் கோவில்கள் வேறு கணக்கில் எழுந்தன. மறைமாவட்டத்தின் பெயரில் நிலம் வாங்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கும் வந்து இறங்கின. கிள்ளான் லூர்து மாதா கோவில் 1928-இல் கோதிக் பாணியில் எழுந்தது. மேலே குவியும் கூர்வளைவுகள், உயரக் கூரை, பிரான்சின் லூர்து திருத்தலத்தை நினைத்து வைத்த பெயர் என்று அதில் ஐரோப்பா துலக்கமாகத் தெரியும். கோலாலம்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த அந்தோனியார் கோவில், செந்தூலில் ரயில்வே தொழிலாளர்கள் நிறைந்திருந்த சூசையப்பர் கோவில், பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழ் லுத்தரன்கள் 1924-இல் கட்டிய சீயோன் ஆலயம் ஆகியவையும் அந்தத் தலைமுறைதான். இவற்றைக் கட்டியதற்கும் நிரப்பியதற்கும் பின்னால் தமிழ்த் தொழிலாளரின் காசும் கையும் இருந்தன. கட்டடம் நின்றதால் நினைவும் நின்றது.

தோட்டத்துச் சிற்றாலயங்களின் கதை 1960-களின் கடைசியில் திரும்பியது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி 1969-இல் நடைமுறைக்கு வந்தபோது, சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பியதாகச் சொல்லப்படுகிறது. இருந்தவர்களின் பிள்ளைகள் படிப்புக்கும் தொழிற்சாலை வேலைக்கும் பட்டணம் போனார்கள். ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. மரத்துக்கு மரம் நிரை பிடித்துப் பால் வெட்டிய அளவுக்குச் செம்பனைக்கு ஆள் தேவையில்லை. கோலாசிலாங்கூரின் தெற்குப் பக்கத்தில் சில தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. லயத்திலிருந்து வெளியேறியவர்கள் கிள்ளான், காப்பார், மேரு, ஷா ஆலாம் பக்கத்துத் தாமான்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறினார்கள்.

தோட்டத்து மாரியம்மன் கோவில்களும் இதே நெருக்கடியைச் சந்தித்தன. ஆனால் அவை நாளிதழில் செய்தியாயின. மாற்று நிலம் கேட்டு மனு போட்டார்கள், கூட்டம் போட்டார்கள், சில இடங்களில் வழக்கும் நடந்தது. குலதெய்வம் குடியிருக்கும் மண்ணை விட்டுக்கொடுக்க மக்களுக்கு மனம் வரவில்லை. கத்தோலிக்கச் சிற்றாலயத்துக்கு அப்படி நேரவில்லை. மக்கள் இல்லாத இடத்தில் பூசையை நிறுத்துவதைத் திருச்சபை ஒழுங்கு ஏற்றுக்கொள்கிறது. சுரூபத்தைப் பக்கத்துப் பங்குக் கோவிலுக்கு எடுத்துப் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் கட்டடம்தான். இப்படி அவை சச்சரவு இல்லாமல் மறைந்தன. சச்சரவு இல்லாததால் படமோ பதிவோ இல்லாமலும் மறைந்தன.

சட்டமும் இதில் பெரிதாக உதவுவதில்லை. மலேசியாவின் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இல் வந்தது. மரபுடைமை ஆணையர் ஓர் இடத்தை மரபுடைமைத் தலமாக அறிவிக்கலாம். அதற்கு நில உரிமையாளருக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், மறுப்பு இருந்தால் கேட்க வேண்டும், மாநில அரசின் இசைவும் வேண்டும். பினாங்கில் 1818-இல் கட்டிய ஜார்ஜ் தேவாலயம் போன்ற ஒன்றுக்கு இது பொருந்தும். 2007-இல் அது தேசியப் பொக்கிஷங்களில் ஒன்றாக அறிவிக்கவும்பட்டது. கம்பெனி நிலத்தில் வாய்வார்த்தையை நம்பி நின்ற ஒரு சிங் கூரைக்காக மனு கொடுக்க யார் இருக்கிறார்கள்? செம்பனை நட்டுச் சுமார் 25 ஆண்டில் தோட்டத்தைத் திருப்பி நடுவார்கள். ஒவ்வொரு மறுநடவும் பழைய லயத்தின் அடித்தளத்தையும் சிற்றாலயத்தின் தரையையும் சேர்த்துத்தான் புரட்டிப்போடும்.

லாரியில் வந்தவர்களும் நடந்து பார்ப்பவர்களும்

அன்று தோட்டத்துக் கத்தோலிக்கர் பட்டணத்துக் கோவிலுக்குப் போனது பெரிய திருநாள்களில்தான். கிறிஸ்துமஸ் நடுராப் பூசை, பெரிய வெள்ளிக்கிழமை, உயிர்ப்பு ஞாயிறு. நல்ல மனம் படைத்த துரை தோட்டத்து லாரியைக் கொடுப்பார். கொடுக்காவிட்டால் பஸ் ஏற வேண்டும். வந்தவர்கள் இரவெல்லாம் கோவில் வளாகத்திலேயே கட்டுச்சோற்றோடு தங்கி, விடிந்ததும் கடைத்தெருவில் சேலையும் பாத்திரமும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பூசையும் கடைவீதியும் அவர்களுக்கு ஒரே பயணம். லூர்து மாதா கோவில் நிற்கும் தெங்கு கெலானா சாலையைச் சுற்றி இன்று கிள்ளானின் லிட்டில் இந்தியா மின்னுகிறது என்றால், அதற்குப் பின்னால் இந்தக் கரையோரத் தோட்டங்களின் சம்பள நாள்களும் திருநாள்களும் இருக்கின்றன.

இன்று அதே தெருவுக்கு வேறொரு கூட்டமும் வருகிறது. சிலாங்கூர் சுற்றுலாத் துறை ஏற்பாடு செய்திருக்கும் கிள்ளான் அரச நகரின் மரபுடைமை நடையில் பழைய அரசாங்கக் கட்டடமும் அரண்மனையும் சுல்தான் சுலைமான் பள்ளிவாசலும் தீயணைப்பு நிலையமும் இந்திய முஸ்லிம் பள்ளிவாசலும் வரிசையாக வருகின்றன. லூர்து மாதா கோவிலும் அதில் ஒரு நிறுத்தம். வழிகாட்டி ஆண்டைச் சொல்வார், பாணியைச் சொல்வார், படம் எடுக்கச் சொல்வார். கட்டடக்கலை மாணவர்கள் கூர்வளைவுகளை வரைந்துகொண்டு போகிறார்கள். வெளிநாட்டவர்கள் ஒரு தெருவில் இத்தனை மதங்களா என்று வியக்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்தது யார், எந்தத் தோட்டத்திலிருந்து எப்படி வந்தார்கள் என்பது அந்தக் கால் மணி நேரத்தில் வராது.

ஒரு நிகழ்வைக் கவனித்தால் அந்தக் கேள்விக்கு இன்றும் பதில் கிடைக்கும். நாட்டின் பல பட்டணக் கோவில்களில் இப்போது தமிழ், ஆங்கிலம், மாண்டரின், மலாய் என்று மொழிவாரியாகத் திருப்பலி நடக்கிறது. மலாய்த் திருப்பலிக்கு வருபவர்களில் சபா, சரவாக் மக்களோடு இந்தோனேசியாவின் புளோரஸ் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். செம்பனை வெட்டவும் தொழிற்சாலையில் நிற்கவும் வந்தவர்கள் அவர்கள். நூறாண்டுக்கு முன் எங்கள் பாட்டன்மார் லாரியில் வந்து இறங்கிய அதே முற்றத்தில், அதே மாதிரி வேலை செய்து அதே மாதிரி ஊரை நினைத்துக்கொண்டு, இன்று அவர்கள் நிற்கிறார்கள். கோவிலை அருங்காட்சியகம்போல் பார்க்கப் போகிறவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் ஒரு மூலையில் நின்றால், கட்டடத்தைவிடப் பழைய ஒரு வழக்கம் நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

பள்ளிச் சுற்றுலாவில் மலாக்கா போகும் நம் பிள்ளைகளும் இப்படி ஓர் இழையைத் தவறவிடுகிறார்கள். 1753-இல் டச்சுக்காரர் கட்டி முடித்த கிறிஸ்து ஆலயம், 1911-இல் சிவப்புச் சாயம் பூசப்பட்டு அந்த ஊரின் அடையாளமே ஆகிவிட்டது. மேலே குன்றில் 1521-இல் போர்த்துகீசியர் எழுப்பிய ஆலயம் கூரையில்லாமல் நிற்கிறது. சவேரியார் அங்கே வந்து போனார் என்று பலகை சொல்கிறது. அந்தச் சவேரியார் 1545-இல் மலாக்காவுக்குக் கப்பலேறும் முன்பு தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறையில் மணப்பாடு, தூத்துக்குடிப் பரவர்களிடையே தமிழில் செபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1552-இல் அவர் சீனக் கரையில் இறந்த பிறகு, உடல் கோவாவுக்குப் போகும் வழியில் சில மாதங்கள் இதே குன்றில் அடக்கமாகி இருந்தது. போர்த்துகீசியர், டச்சுக்காரர் என்று மட்டும் எழுதிக்கொண்டு வரும் தமிழ்ப் பிள்ளைக்கு, அந்தக் குன்றில் தன் மொழி கேட்ட காதுகளும் இருந்தன என்று யாராவது சொல்ல வேண்டும்.

ஆற்றின் அக்கரை

சபாக் மக்களுக்கு இரண்டு பட்டணங்கள். கிள்ளான் எட்டத்தில். தெலுக் இந்தான் ஆற்றைத் தாண்டினால் கிட்டத்தில். அக்கரையில் டென்மார்க்கைச் சேர்ந்த ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம், பாகான் டத்தோவின் தென்னந்தோப்புகள், அவற்றில் கொப்பரை காயவைத்த தமிழ்க் குடும்பங்கள். கொண்டு கொடுத்த உறவு ஆற்றைப் பார்த்ததில்லை. இக்கரைப் பெண் அக்கரைக்குப் போனாள், அக்கரைப் பையன் இக்கரைக்கு வேலைக்கு வந்தான்.

1955 வரை இரண்டு கரையும் மலாக்கா மறைமாவட்டத்துக்குள் இருந்தன. அந்த ஆண்டு பினாங்கு, கோலாலம்பூர் என்று இரண்டு புதிய மறைமாவட்டங்கள் பிறந்தன. பேராக் பினாங்குக்கும் சிலாங்கூர் கோலாலம்பூருக்கும் போக, பெர்ணம் ஆறு எல்லையாயிற்று. கோலாலம்பூரின் முதல் ஆயர் டொமினிக் வெண்டர்கன் இலங்கையில் பிறந்தவர். அதுவரை பிரெஞ்சுக்காரர் வகித்த பொறுப்பு அன்று ஓர் ஆசியர் கைக்கு வந்தது. அவருக்குப் பின் வந்த அந்தோனி சோட்டர் பெர்னாண்டஸ் 2016-இல் மலேசியாவின் முதல் கர்தினாலானார். இன்னொரு பெரிய மாற்றம் 1960-களில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு வந்தது. மக்களுக்கு முதுகைக் காட்டாமல் அவர்களைப் பார்த்து நின்று, குரு தமிழில் திருப்பலி நிறைவேற்றத் தொடங்கினார். லத்தீனில் மணியடித்தபோது மட்டும் தலை குனிந்த பாட்டிகள், முதல் முறையாகப் பூசை முழுவதையும் காதால் கேட்டுப் புரிந்துகொண்டார்கள்.

தேவாலய எல்லை மாறினாலும் திருநாள் எல்லை மாறவில்லை. செவ்வாய்க்கிழமை நவநாளுக்கும் ஜூன் 13 அந்தோனியார் திருநாளுக்கும் ஆற்றைத் தாண்டுவதில் யாருக்கும் தயக்கம் இருந்ததில்லை. ஜூலை 26-ஐ ஒட்டி வடக்கே புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவிலுக்குப் போவதும் அப்படித்தான். அங்கே 1888-இல் கட்டிய பழைய கோவில் குன்றடியில் நிற்கிறது. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியின் அவசரகாலத்தில் அந்தப் பகுதி ஆபத்தான ‘கறுப்புப் பகுதி’யாகி, யாத்திரை பல ஆண்டுகள் நின்றுபோனது. பிறகு மீண்டது. 2002-இல் மினாங்கபாவ் கூரை அமைப்பில் புதிய பெரிய கோவில் வந்தது. 2019-இல் அது இளம் பசிலிக்கா என்ற தகுதியையும் பெற்றது. திருநாளுக்குக் கூடும் லட்சத்துக்கும் மேற்பட்டோரில் இந்துக்களும் பௌத்தர்களும் நிறைய. பழைய கோவிலை இடிக்காமல், அதைக் கண்ணாடிப் பெட்டியிலும் பூட்டாமல், பக்கத்திலேயே புதியதைக் கட்டி இரண்டையும் புழங்குவது ஒரு நல்ல வழி. மரபுடைமை என்ற சொல் வருவதற்கு முன்பே யாத்திரிகர் அதைக் காப்பாற்றிவிட்டார்கள்.

சுவரில் இல்லாதது ஏட்டில்

சிற்றாலயம் போய்விட்டது, லயம் போய்விட்டது, சில இடங்களில் தோட்டத்தின் பெயரே போய்விட்டது. அப்படியானால் சபாக் பக்கத்துக் கத்தோலிக்கத் தமிழரின் மரபுடைமை எங்கே இருக்கிறது? பட்டணத்துக் கோவில்களின் அலுவலக அலமாரியில் இருக்கிறது. திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி ஏடு வைத்திருக்க வேண்டும். ஞானஸ்நான ஏட்டில் பிள்ளையின் பெயர், பெற்றோர், ஞானப் பெற்றோர், நாள், இடம், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று வரிசையாக எழுதப்படும். பழைய ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில்தான் இருக்கும். பள்ளிக் கொட்டகையில் வாத்தியார் மேசையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையும் அந்த ஏட்டில் ஏறியிருக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தி உண்டு. ஒருவர் வேறு பங்கில் மணம் முடித்தால், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் போக வேண்டும். அங்கே அவர் பெயருக்கு எதிரே ஓரத்தில் திருமணக் குறிப்பு எழுதப்படும். ஆக, கரையோரத் தோட்டம் ஒன்றில் பிறந்த பெண் தெலுக் இந்தானில் மணந்தாளா, ஈப்போவில் மணந்தாளா, சிங்கப்பூர் போனாளா என்பது அந்த ஓரக் குறிப்பில் கிடக்கும். கங்காணியின் பட்டியலும் கம்பெனியின் சம்பளப் பேரேடும் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அவற்றில் ஆள் ஓர் எண் மட்டுமே. கோவில் ஏட்டில் அவள் ஒருவருடைய மகள், ஒருவருக்கு மனைவி, ஒரு பிள்ளைக்கு ஞானத்தாய்.

இந்த ஏடுகள் காட்சிக்கு வைக்கும் பொருள்கள் அல்ல. அவற்றில் வாழ்கிறவர்களின் தனிச் செய்திகளும் இருப்பதால் யார் வேண்டுமானாலும் புரட்ட அனுமதிக்க முடியாது, கூடாதும். ஆனால் தன் குடும்பத்தின் வரியைக் கேட்டுப் பங்கு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். தாத்தாவின் பெயர், தோராயமான பிறந்த ஆண்டு, தோட்டத்தின் பெயர் மூன்றும் இருந்தால் தேடுவது எளிது. இதில் மூன்றாவதுதான் முக்கியம். தோட்டத்தின் பெயரை நினைவில் வைத்திருக்கும் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆங்கிலப் பெயரை மட்டுமல்ல, மக்கள் அதற்கு வைத்திருந்த தமிழ்ப் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

இனி போகிறவர்களுக்கு

பழைய தேவாலயம் பார்க்கப் போகும் வழக்கம் வளரட்டும். திருப்பலி நேரத்தில் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்காமல், பீடத்தின் மேல் ஏறாமல், கட்டணம் இல்லை என்பதற்காக உண்டியலைக் கண்டுகொள்ளாமல் வெளியேறாமல் இருந்தால் போதும், எந்தக் கோவிலும் வரவேற்கும். அதோடு கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று இருக்கிறது. இந்தக் கோவிலுக்கு யார் எங்கிருந்து வந்தார்கள் என்று வழிகாட்டியைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அடுத்த முறைக்குள் தெரிந்துகொள்வார். கேட்கிறவர் பத்துப் பேர் ஆனால் பலகையில் ஒரு வரி சேரும். 1928, கோதிக் பாணி என்பதற்குக் கீழே, கரையோரத் தோட்டத் தொழிலாளர்களின் கோவில் என்று எழுத எந்த அமைச்சின் இசைவும் தேவையில்லை. பங்குப் பேரவை தீர்மானித்தால் போதும்.

வடக்குச் சிலாங்கூரில் தரையளவிலாவது எஞ்சியிருக்கும் சிற்றாலயங்களை, அடுத்த மறுநடவுக்கு முன் படம் எடுத்து, இடத்தைக் குறித்து வைக்க வேண்டியதும் நம் வேலைதான். கைப்பேசி இருக்கிற எந்த இளைஞனும் ஒரு வார இறுதியில் இதைச் செய்யலாம். கம்பெனியிடம் முன்னால் அனுமதி கேட்டுக்கொண்டு போகட்டும், பழைய உபதேசியாரின் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ கூட அழைத்துப் போகட்டும். அன்று கோவில் நம்மைத் தேடி வந்தது. தோட்டத்துக்கு வர மாதக்கணக்கில் ஆனாலும், மழையில் சேற்றில் வழுக்கினாலும் வந்தது. இன்று நாம் அதைத் தேடிப் போகிறோம். செங்கல் கோவிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் நாமும் சுற்றுலாப் பயணிகள்தான். பலகைக் கோவிலின் பெயரையும் இடத்தையும் எழுதிக்கொண்டு திரும்பினால், அந்தக் கோவிலுக்கு நாம்தான் வாரிசு.